நாலாம் நம்பர் அறை

கைப்பிடியில்தான் அவளுக்கு முதல் எரிச்சல். ஆம்பளைக் கை ஒன்றை அளந்து செதுக்கிவிட்டு எல்லாக் கைக்கும் பொருந்தும் என்று காகிதத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். எல்லாக் கை என்றால் எவன் கை? எதிரே கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்கிறானே, பம்ப் கம்பெனி முதலாளி மகன் விஷ்ணுவர்தன், அவன் கையாகத்தான் இருக்கும். கோகிலவாணி ரிவால்வரைப் பிடித்துப் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்துப் பிடித்தாள். சுண்டுவிரல் பாதி கட்டையிலும் பாதி அந்தரத்திலும் நின்றது. உள்ளங்கை மேட்டுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை போகிற அளவுக்குச் சந்து. துப்பாக்கி கிளப்பின் சுடுமேடையில், மேஜைமேல் பரிசோதனைத் தாள் கிடந்தது. எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போடவேண்டும். இந்த மார்க் இழவே வேண்டாம் என்றுதான் ப்ளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தாள், இப்போது பத்தொன்பது வயதில் அவளையே மார்க் போடச் சொல்கிறார்கள். கைப்பிடிக்கு நாலு போட்டாள். விஷ்ணுவர்தன் எட்டிப் பார்த்து, நாலுதானா என்றான். அரம் போட்டு ராவிக் கொடுத்தால் ஆறாகும் என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கும் மார்க் போட இடம் இருந்தால் நன்றாக இருக்கும். அறுபது வருஷமாகக் கிணற்று மோட்டார் செய்த கம்பெனி, இப்போது போட்டித் துப்பாக்கி செய்ய லைசன்ஸ் வாங்கி, செய்த முதல் உருப்படி இது. உலகமே பிஸ்டலுக்குப் போய்விட்டது, இன்னும் எதற்கு ரிவால்வர் என்று கேட்டாள். லைசன்ஸில் அதுதான் போட்டிருக்கு என்றான். சரி, இருக்கட்டும். மாநில அணித் தேர்வுக்குப் பத்து நாள். கிளப்பின் பழைய ரிவால்வரில் குண்டு போடுகிற சிலிண்டர் ஆட ஆரம்பித்து, போன மாதம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இந்தத் தாளில் அவள் நல்லபடியாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் இது கிளப்புக்கு வரும், அவள் இதில் தேர்வு சுடலாம். போடாவிட்டால் பத்து நாள் கழித்து வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். இதை யாரும் அவளிடம் நேராகச் சொல்லவில்லை. கிளப் செயலாளர் போனில் பேசும்போது, பாத்து எழுதும்மா என்று இழுத்த இழுப்பில் இருந்தது.

டிரிக்கரில் குறை சொல்லவேண்டும் என்று ஆசையாக இருந்தது. பயிற்சியாளர் ஆரோக்கியசாமி, ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர், குண்டைத் தட்டுகிற ஹேமரைப் பின்னுக்கு இழுத்து வைத்து, ஒரு கிலோ எடைக்கல் தொங்கும் கொக்கியை டிரிக்கரில் மாட்டி, துப்பாக்கியை மெல்லத் தூக்கினார். போட்டி விதி அது. ஒரு கிலோவை டிரிக்கர் தாங்கவேண்டும், தாங்காமல் ஹேமர் படக்கென்று விழுந்தால் வெளியே போ. தாங்கியது. மூன்று தரமும் தாங்கியது. அப்புறம் அவள் விரலை வைத்து, குண்டில்லாமல் இழுத்தாள். காய்ந்த முருங்கைக் குச்சி முறிகிற மாதிரி, முன்னால் ஒரு இழுவையும் இல்லாமல், பின்னால் ஒரு தளர்வும் இல்லாமல், முறிந்தது. அவளுக்குக் கோபமாக வந்தது. கெட்டதாக இருந்திருந்தால் வேலை சுலபம், இரண்டு என்று போட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ஒன்பது போட்டாள். ஹேமரின் கொம்பைத் தாழ்த்தி அகலமாக விட்டிருந்தார்கள், பிடியை மாற்றாமலே கட்டைவிரலால் எட்டி இழுக்க முடிந்தது, அதற்கும் ஒன்பது. குழலுக்கு அடியில் கனத்தைக் கூட்டியிருந்தார்கள், நீட்டினால் முனை தானாகப் போய் ஒரு இடத்தில் நின்றது, நிற்கிற இடத்தை விட்டு நகரமாட்டேன் என்றது, அவளுடைய அப்பா மாதிரி. இந்த ஆளை எதற்கு இப்போது நினைக்கிறோம் என்று நினைத்தாள். இந்தக் கம்பெனிச் சாமானைத் தொட்டால் அவர் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும். முப்பத்தொரு வருஷமாக இந்தச் சாவி சுழற்றுகிறவனின் கம்பெனியில்தான் லேத் ஓட்டும் டர்னராக இருக்கிறார் சென்னியப்பன். அவளோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தை விட்ட அன்றைக்கு, சுட்டுச் சுட்டு அடுப்பெரிப்பியா என்று கேட்டார், ஆமாங்க என்றாள், அதோடு சரி. அதற்கப்புறம் எல்லாம் அம்மா வழியாகத்தான். அவளைச் சாப்பிடச் சொல்லு. அவரைப் பைக்கை எடுக்கச் சொல்லு. மூணு பேர் இருக்கிற வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தொண்டை கட்டும்.

முதல் ஐந்து குண்டுகள். இருபத்தைந்து மீட்டரில் அட்டை மூன்று நொடி முகம் காட்டும், ஏழு நொடி திரும்பிக்கொள்ளும். அந்த மூன்று நொடிக்குள் கீழே இருக்கிற கை மேலே வந்து ஒன்றைச் சுட்டுவிட்டு இறங்கவேண்டும், ஏழு நொடியில் கட்டைவிரலால் ஹேமரை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். பத்து. பத்து. ஒன்பது. எட்டு. பத்து. தொலைநோக்கியில் பார்த்தாள். நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடுவில், எட்டு மட்டும் கீழே இடப்பக்கம், தனியாக. சுடுகிறவர்கள் அட்டையைக் கடிகாரமாக வைத்துத்தான் பேசுவார்கள், அந்தப் பேச்சில் அது ஏழு மணி.  ஏழு மணி அவளுக்குத் தெரிந்த இடம். வலக்கைக்காரர்கள் சத்தத்துக்குப் பயந்து கடைசி நொடியில் விரலைச் சுண்டினால் குண்டு அங்கேதான் போகும். போன வருஷம் மாநிலப் போட்டியில் அறுபதாவது குண்டு, கடைசிக் குண்டு, அங்கேதான் போனது, எட்டு, ஒரே புள்ளியில் இரண்டாமிடம். எல்லோரும் பரவாயில்லை என்றார்கள். ஆரோக்கியசாமி மட்டும் ஊர் திரும்பும் ரயிலில், உனக்குப் பயம் புகுந்திருச்சு கோகி, அது ஒருதரம் புகுந்தா லேசுல போகாது என்றார். அந்த மனிதரின் தலையில் தண்ணீர்ப் பாட்டிலைப் போடலாமா என்று ஈரோடு வரைக்கும் யோசித்தாள். எங்கே புகுந்திருக்கிறது, விரலிலா, முட்டியிலா, கண்ணிமையிலா, சொன்னால் அறுத்து எறிந்துவிடலாம். ஒரு வருஷமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று குண்டில்லாத துப்பாக்கியை ஆயிரம் ஆயிரம் தரம் இழுத்து, போய்விட்டது என்று போன மாதம்தான் நம்ப ஆரம்பித்தாள். இரண்டாவது ஐந்து. பத்து, எட்டு, பத்து, பத்து, ஒன்பது. எட்டு ஏழு மணிக்கு. மூன்றாவது ஐந்தில் எட்டு வரவில்லை, அப்பாடா என்று மூச்சுவிட்டாள். நாலாவதில் முதல் குண்டே போய் அங்கே உட்கார்ந்தது. ஆக, போகவில்லை. உள்ளேதான் எங்கேயோ பாய் விரித்துப் படுத்திருக்கிறது. விஷ்ணுவர்தன் பின்னாலிருந்து மெதுவாக, பொண்ணுங்களுக்கு மணிக்கட்டு பத்தாது சுபேதார் சார், அடுத்ததுல கைப்பிடியைச் சின்னதாக்கிடலாம் என்று அவர் காதோடு சொன்னான், அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னான். ஆரோக்கியசாமி தன் இடது முழங்கையை எறும்பு கடித்த மாதிரிச் சொறிந்துகொண்டார். அவர் பேசாமல் இருந்ததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. அவரும் அதையேதான் நினைக்கிறார். இருபது குண்டில் மூன்று எட்டு. எழுதிக்கொள்ளுங்கள், கோகிலவாணி, வயது பத்தொன்பது, பயந்தாங்கொள்ளி. கைப்பிடிக்கு நாலு, டிரிக்கருக்கு ஒன்பது, பிடித்தவளுக்குச் சைபர்.

ஒரு எண்ணம் தட்டியது. எண்ணம் என்றுகூடச் சொல்லமுடியாது, வீம்பு. எட்டு ஏன் மூன்றாவது தரம் வரவில்லை? பயம் என்றால் அது லீவு போடுமா? சிலிண்டரில் ஆறு அறைகள், போட்டியில் போடுவது ஐந்து குண்டு. ஒவ்வொரு தரமும் ஏதோ ஒரு அறை காலியாக இருக்கும், எது காலி என்று அவள் பார்த்துப் போடவில்லை, கைக்கு வந்த இடத்தில் போட்டாள். பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து சிலிண்டரின் பின்பக்கம் ஒவ்வொரு அறைக்குப் பக்கத்திலும் ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எழுதினாள். புதுசுல கிறுக்காதே என்றான் விஷ்ணுவர்தன். அவள் காதில் வாங்கவில்லை. ஒன்றாம் நம்பரில் மட்டும் ஒரு குண்டு. சுட்டாள். எடுத்துவிட்டு மறுபடி அதே அறையில் ஒன்று. சுட்டாள். பத்து, பத்து. இரண்டாம் நம்பர், பத்து, ஒன்பது. மூன்றாம் நம்பர், பத்து, பத்து. நாலாம் நம்பர். கை நடுங்கவில்லை, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சுட்டாள். எட்டு. மறுபடி நாலு. எட்டு, முன்னதன் தோளில். மறுபடி. எட்டு. ஐந்தாம் நம்பர் பத்து. ஆறாம் நம்பர் பத்து. திரும்பவும் நாலு, எட்டு. ஏழு மணி, ஏழு மணி, ஏழு மணி. நான் இல்லை. அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கவேண்டும்போல இருந்தது. நான் இல்லைடா. என் விரல் இல்லை, என் மணிக்கட்டு இல்லை, எந்த எழவும் எங்கேயும் புகவில்லை. இந்தச் சாவிச் சுழற்றியைத் திருப்பி நிறுத்தி மூக்கு நசுங்க அட்டையில் வைத்துத் தேய்க்கலாம், பாரு, நல்லாப் பாரு, யாருக்கு என்ன பத்தாது என்று கேட்கலாம். ஆரோக்கியசாமி மறுபடி முழங்கையைத் தடவினார், இந்தத் தரம் விரலில் சிவப்பாக ஒட்டியது. அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். எள்ளளவு ஈயத் துணுக்கு தோலில் ஏறியிருந்தது. அறை குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை, நூலிழை தள்ளி நிற்கிறது, அதனால் குண்டு குழலுக்குள் நுழையும்போது விளிம்பில் சீவிக்கொண்டு போகிறது, சீவின துணுக்கு பக்கத்தில் நிற்கிறவன்மேல் தெறிக்கிறது. முழங்கை என்பதால் எறும்பு. கொஞ்சம் குனிந்து நின்றிருந்தால் கண்.

சிரிப்பு எங்கே நின்றது என்று அவளுக்கே தெரியும். மார்க் போடத் தாளை எடுத்தபோது, அதில் இருந்த சிலிண்டர் என்ற சொல்லில் நின்றது. மூன்று வாரத்துக்கு முன்னால் ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா அம்மாவிடம், அவளுக்குக் கேட்கிற மாதிரி, ஒரு சங்கதி சொன்னார். கம்ப்யூட்டர் மெஷினுக்கு வேண்டிய டூல் இன்னும் வரவில்லையாம், முதல் சிலிண்டருக்கு ஆறு ஓட்டையும் அவரே கையால் போட்டாராம், அந்தக் கம்பெனியில் இன்றைக்கு அதைக் கையால் போட அவரை விட்டால் ஆள் இல்லையாம். சொல்லிவிட்டு ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். அவள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் எப்படிப் போட்டிருப்பார் என்று தெரியும், சின்ன வயதில் ஆயுதபூஜைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். ஒரு வட்டத் தட்டு, அதில் வரிசையாகப் புள்ளி ஓட்டைகள். ஒரு துளை போட்டதும் தட்டின் கைப்பிடியை ஆறு சுற்று சுற்றி, அப்புறம் இருபத்தாறு புள்ளி எண்ணி ஆணியைச் செருகினால், அடுத்த துளைக்குச் சரியான இடம் வந்து நிற்கும். எண்ணிக்கை தப்பாமல் இருக்கத் தட்டில் இரண்டு கம்பி வைத்து அளவு கட்டிக்கொள்வார்கள். அவர் கட்டமாட்டார். கம்பி வைக்கிறது கத்துக்குட்டி வேலை என்பார். கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு புள்ளியாக உரசி, உரசுகிற சத்தத்தில் எண்ணுவார். ஒரு புள்ளி தப்பினால் தலைமுடி கனம் தள்ளிப் போகும். நடுவில் தப்பியிருந்தால் அதற்கப்புறம் போட்டதெல்லாம் தள்ளியிருக்கும், ஒன்று மட்டும் தள்ளியிருப்பதால் இதுதான் கடைசியாகப் போட்ட துளை. ஐந்து துளையைச் சரியாகப் போட்டுவிட்டு ஆறாவதில், அவள் நாலு என்று எழுதினதில், விட்டிருக்கிறார். எண்ணின புள்ளியில் ஆணியைச் செருகக் கண் வேண்டும், அவருக்கு வலது கண்ணில் புரை. ஆடி மாதம் இலவச முகாமில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்த சீட்டைக் கிழித்து பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுவிட்டு வந்தார். கண் சரியில்லை என்று தெரிந்தால் மெஷினை விட்டு எடுத்து அட்டைப்பெட்டி கட்டுகிற இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள், ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அம்மா அடுப்படியில் அவளிடம் கிசுகிசுவென்று சொன்னாள், உனக்குத் தெரியும்னு காட்டிக்காதே என்றாள். காட்டிக்கொள்ளவில்லை. பேசினால்தானே காட்டிக்கொள்வதற்கு.

பேனா மூடியைக் கடித்தாள். சிலிண்டர், பத்துக்கு எத்தனை? ஒன்றும் எழுதாமல் விடலாம். வழி இருக்கிறது, ரொம்பச் சுலபமான வழி, அதுதான் அசிங்கமாக இருந்தது. போட்டிக்கு ஐந்து குண்டுதான். நாலாம் நம்பரை எப்போதும் காலியாக விட்டால் இதைவிட நல்ல துப்பாக்கி இந்த மாநிலத்தில் யாரிடமும் இல்லை. அப்பாவுக்கு மெஷின் இருக்கும், அவளுக்குத் துப்பாக்கி இருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமலே கூட்டுக் களவாணிகள் ஆகிவிடலாம். அப்படியானால் அட்டையில் இருக்கிற எட்டு எல்லாம் யாருடையது? அவளுடையது. கோகிலவாணிக்குப் பயம் புகுந்திருக்கிறது என்று இந்த இரண்டு ஆம்பளைகளும் சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நினைக்கட்டும். அதைக்கூட முழுங்கிவிடலாம். ஆனால் கிளப் துப்பாக்கி என்றால் நாளைக்கு இன்னொருத்தி எடுப்பாள், அவளுக்கு நாலாம் நம்பர் தெரியாது, பக்கத்து மேடையில் எவளோ ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டு நிற்பாள். அதுவும் போகட்டும் என்று நினைத்துப் பார்த்தாள், போகவில்லை. இந்த மனிதருக்கு என்ன வீம்பு. இரண்டு கம்பி வைத்து எண்ணினால் குறைந்தா போவார். கண்ணைக் காட்டி ஆபரேஷன் பண்ணிக்கொண்டால் செத்தா போவார். மூன்றாம் கிளாஸில் அவள் கணக்கில் முட்டை வாங்கி வந்தபோது விரல் விட்டு எண்ணியதற்காக முட்டியில் அடித்தார், மனசில எண்ணு, மனசில எண்ணு என்று. மனசில் எண்ணித்தான் இந்த லட்சணம். அவர் எண்ணியதற்கு அவள் கையெழுத்துப் போடவேண்டும். மறைக்கிறது அவருக்காகவா, துப்பாக்கிக்காகவா என்று யாராவது கேட்டால் துப்பாக்கிக்காக என்றுதான் சொல்லுவாள். அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பத்து நாள் கழித்து மெடல் வாங்குவதற்கு, பேசாமல் இவனிடமே போய் மெடலைக் கேட்டுவிடலாம். எழுதினாள். சிலிண்டர், சைபர். நாலாம் அறை விலகியிருக்கிறது, ஈயம் தெறிக்கிறது, இப்படியே யாரும் சுடக்கூடாது. எழுத்து கோழி கிளறினது போல இருந்தது, கையெழுத்து மட்டும் தெளிவாக விழுந்தது.

விஷ்ணுவர்தன் தாளை இரண்டு தரம் படித்தான். சாவி சுழல்வது நின்றுவிட்டது.

"இதைக் கொடுத்தீன்னா இது திரும்பி ஃபேக்டரிக்குப் போயிரும். மறுபடி வர ரெண்டு மாசம் ஆகும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"உன் கை விலகலையே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆரோக்கியசாமி முழங்கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். "இதுவும் பாப்பாவோட மணிக்கட்டுதானுங்களா தம்பி?" என்றார். அப்புறம் அவளைப் பார்க்காமல், பயம்னு சொன்னது என் தப்பு என்று முணுமுணுத்தார். ஒரு வருஷம் லேட்.  விஷ்ணுவர்தன் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டே, சிலிண்டரைப் போட்டது யாருன்னு இன்னைக்கே பார்த்துடறேன் என்றான். அந்த ஆளுக்கு நிஜமாகவே தெரியாது. முப்பத்தொரு வருஷம் தன் கம்பெனியில் நிற்கிறவரையும் தெரியாது, எதிரில் நிற்கிறவள் அவர் மகள் என்பதும் தெரியாது. இங்கேயிருந்து கம்பெனிக்குக் காரில் இருபது நிமிஷம். ரயில்வே கேட் போட்டிருந்தால் முப்பது.

அவள் வெளியே வந்து காவலாளியிடம் கொடுத்து வைத்திருந்த போனை வாங்கினாள். அப்பா நம்பருக்கு அவள் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எடுக்கமாட்டார் என்று நினைத்தாள், எடுக்காவிட்டால் நிம்மதி என்றும் நினைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்றார். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றாள். பின்னால் மெஷின் ஓடுகிற இரைச்சல். அதைவிடச் சத்தமாகப் பேசவேண்டியிருந்தது, மெதுவாகச் சொல்லக்கூடியதை எல்லாம் கத்திச் சொல்லவேண்டியிருந்தது.

"நீங்க போட்ட சிலிண்டர்ல ஒரு அறை விலகுதுங்க. தாள்ல எழுதிட்டேன்."

இரைச்சல் மட்டும் வந்தது. திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திட்டினால் திருப்பிக் கொடுக்க இரண்டு வருஷத்துச் சரக்கு இருந்தது.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"கீழ, எடது பக்கம். ஏழு மணிக்கு."

"மத்த அஞ்சும்?"

"அஞ்சும் ஒரே எடத்துல போகுதுங்க. இப்படி ஒன்னு நான் பார்த்ததில்ல."

"எம்பேரை எழுதிட்டயா?"

"பேரு கேக்கலீங்க. அந்தாளு கார்ல அங்கதான் வர்றாரு. வந்து தேடறதுக்குள்ள நீங்களே போய்ச் சொல்லிருங்க. கண்ணையும் சேர்த்துச் சொல்லிருங்க."

"ஓ. அதும் தெரியுமா." குரல் ஒரு நொடி எங்கேயோ போய்விட்டு வந்தது. "பெத்தவனை எறக்கி விட்டுட்டு நீ மேல ஏறிக்க. நல்லா இரு."

"நான் எதுல ஏறறதுங்க? துப்பாக்கி திரும்பிப் போகுது. எனக்குத் தேர்வு இல்ல."

சொல்லும்போதுதான் அது அவளுக்கே உறைத்தது. பத்து நாள், ஒரு வருஷம், ஆயிரம் ஆயிரம் தரம் இழுத்த விரல், எல்லாம். ரோட்டோரத்தில் ஒரு லாரி நின்று புழுதி அடங்கிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தாள். கண் எரிந்தது, புழுதிதான். வைத்துவிட்டாரோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"கடைசியாப் போட்டது அது," என்றார். கத்தாமல் சொன்னார், அதனால் காதை அழுத்திக் கேட்கவேண்டியிருந்தது. "ஆணியைச் செருகும்போதே மனசுக்கு ஒப்பல. மறுபடி எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணல."

திருப்பிக் கொடுக்க வைத்திருந்த சரக்கெல்லாம் அப்படியே இருந்தது, ஒன்றைக்கூட எடுக்க வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ அண்ணா என்று கூப்பிட்டார்கள், இருடா என்றார். பிறகு அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் இரைச்சல் மெல்ல இறங்கி, இறங்கி, நின்றது.